‘டீம்’ என்று ஒரு வினைச்சொல்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல், ‘டீம்’. பின்வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இது கிரிக்கெட் டீம் இல்லையப்பா! ‘டாக்டர்’ என்பதன் முதலெழுத்தில் ஆரம்பிக்கும் சொல். பழைய ஆங்கிலத்தில் ‘தீர்ப்புச் சொல்லுதல்’ என்று அர்த்தம். ‘ஐல் ஆஃப் மேன்’ என்ற தீவில் நீதிபதிக்கு இன்றும் ‘டீம்ஸ்டர்’ என்றுதான் பெயர்.

நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனவன். காலேஜில் எங்களுக்குப் பழக்கமான சொல் ‘அஸ்யூம்’. உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். விடை பரிசோதனையோடு ஒத்துவராவிட்டால் வைத்துக்கொண்டதை விட்டுவிடலாம். ஆபீஸ் ரூல் புஸ்தகத்தில் வந்த ‘டீம்ட்’ அப்படி விடுகிற ஜாதி இல்லை. 1965-ஆம் வருஷத்து மத்திய சிவில் சர்வீஸ் ஒழுங்கு விதிகளில் 10-வது விதியைப் பாருங்கள். ஒரு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கப்பட்டால், அவர் சஸ்பெண்டு ஆனதாகவே ‘டீம்’ செய்யப்படுவார். அந்த நேரத்தில் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். இருந்தும் உத்தரவு போட்டாயிற்று என்றே கொள்ள வேண்டும்.

போடாத உத்தரவு எப்படிப் போட்டதாகும்? என் செக்‌ஷன் ஆபீஸரிடம் கேட்டேன். அவர் பாலக்காட்டுக்காரர்.

“ஆத்துல மஞ்சப்பொடியைப் பிடிச்சு வெச்சுப் பூஜை பண்றேளே, அது மஞ்சளா, பிள்ளையாரா?”

“பிள்ளையார்தான் ஸார்.”

“யதாஸ்தானம் ஆனப்புறம்?”

“மஞ்சள்.”

“அவ்வளவுதான் ஓய் டீம்ட்! போய் ஃபைலைப் பாரும்.”

இதைவிட நல்ல விளக்கம் எனக்கு எந்த அகராதியிலும் அகப்படவில்லை. உண்மையில் இல்லாததை, ஒரு காரியத்துக்காக, அது முடியும் வரைக்கும் உண்டு என்று சட்டம் சொல்கிறது. அந்தக் காரியத்தைத் தாண்டி அதை இழுக்கக்கூடாது என்று 1955-இல் பெங்கால் இம்யூனிடி கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

நம் குடும்பங்களில் தெரிந்த உதாரணம் சுவீகாரம். 1956-ஆம் வருஷத்து ஹிந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு, சுவீகாரம் போன குழந்தையைச் சுவீகாரம் எடுத்தவர்களின் குழந்தையாகவே ‘டீம்’ பண்ணுகிறது. ஆனால் கல்யாணம் என்று வரும்போது, பிறந்த ஆத்தில் யாரைப் பண்ணிக்கொள்ளக்கூடாதோ, அவரை இப்போதும் பண்ணிக்கொள்ளக்கூடாது. ரத்தத்தைச் சட்டம் மறக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ‘டீம்’ இதுதான்.

பிரயோகம் பற்றிக் குழந்தைகளுக்கு இரண்டு வார்த்தை. இந்த வினைக்குப் பிறகு ‘ஆஸ்’ போட வேண்டியதில்லை. ‘ஐ ஆம் டீமிங்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘திங்க்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் இதைப் போட்டால், வேஷ்டிக்கு மேல் டை கட்டினாற்போல இருக்கும்.

புனேயில் இருந்துகொண்டு இந்தச் சொல்லிடமிருந்து தப்பிக்க முடியாது. டெக்கான் காலேஜ், கோகலே இன்ஸ்டிடியூட், சிம்பயோஸிஸ் எல்லாம் 1956-ஆம் வருஷத்து யு.ஜி.சி. சட்டத்தின்படி ‘டீம்ட்’ பல்கலைக்கழகங்கள். மராட்டியில் ‘அபிமத்’ என்கிறார்கள், நம் தமிழில் ‘நிகர்நிலை’. தமிழ்ச் சொல் அழகுதான், ஆனால் அந்த ‘டீம்’ அதில் மறைந்துவிடுகிறது. 2017-இல் உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து, இப்படிப்பட்ட நிறுவனங்கள் பெயரோடு வெறுமே ‘யூனிவர்சிடி’ என்று போட்டுக்கொள்ளக்கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது.

இனி, நான் இதைப் பேச வந்ததன் காரணம். ‘டீம்ட் கன்வேயன்ஸ்’. இங்கே இருக்கிறவர்களில் பலர் பழைய சொஸைட்டி ஃப்ளாட்டில் இருக்கிறோம். ஃப்ளாட் நம் பெயரில். கீழே இருக்கும் நிலம் இன்னும் பில்டர் பெயரிலோ பழைய சொந்தக்காரர் பெயரிலோ இருக்கலாம். 1963-ஆம் வருஷத்து மகாராஷ்டிர ஃப்ளாட் சட்டப்படி பில்டர் நிலத்தைச் சொஸைட்டிக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். கொடுக்காதவர்கள் ஏராளம். எங்கள் பில்டரும் வருஷக்கணக்கில் ‘அடுத்த மாதம்’ என்றார். இப்படிப்பட்டவர்களுக்காகவே 2008-இல் திருத்தம் வந்தது: பில்டர் கையெழுத்துப் போடாவிட்டாலும் எழுதிக் கொடுத்ததாகக் கொள்ளலாம்.

எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “சட்டத்துலயே டீம்ட்னு போட்டாச்சு, அப்புறம் வக்கீலுக்கு எதுக்குப் பணம்?” என்றார். பாதிப் பேர் கை தட்டினார்கள். கை தட்டியதில் ரிடையர்டு ஆபீஸர்களும் உண்டு!

மஞ்சளை யாராவது பிடித்து வைத்தால்தானே பிள்ளையார்? இங்கே பிடித்து வைக்கிறவர் மாவட்டத் துணைப் பதிவாளர். சொஸைட்டி அவரிடம் மனுப் போடவேண்டும். அவர் பில்டருக்கு நோட்டீஸ் அனுப்பி, இரு தரப்பையும் விசாரித்துச் சான்றிதழ் தருவார். பிறகு ஸ்டாம்ப் ஆபீஸ், அதன் பிறகு ஸப்-ரிஜிஸ்திராரிடம் பத்திரப் பதிவு. ப்ராப்பர்டி கார்டிலோ ஸாத்-பாராவிலோ சொஸைட்டி பெயர் ஏறியதா என்று கடைசியில் பார்த்துக்கொள்ளவேண்டும். பலர் பத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

கட்டிடம் முப்பது, நாற்பது வருஷமாகி ரீடெவலப்மெண்ட் பேச்சு வரும்போதுதான் இதன் அருமை தெரியும். நிலம் சொஸைட்டி பெயரில் இல்லாவிட்டால், மேலே கட்டக்கூடிய எஃப்.எஸ்.ஐ. எனக்குத்தான் என்று பழைய பில்டர் வந்து நிற்பார். ஃப்ளாட்டைத் தவிர வேறு சொத்து இல்லாத, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வயதானவர்கள் அப்போது யாரைப் போய்க் கேட்பது?

ஆகவே இன்று ஆத்துக்குப் போனதும் சொஸைட்டி செக்ரடரியைக் கூப்பிட்டு, ப்ராப்பர்டி கார்டில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். சொஸைட்டி பதிவுச் சான்றிதழ், எல்லா ஃப்ளாட்டின் அக்ரிமெண்டு, இண்டெக்ஸ்-டூ நகல், அங்கீகரித்த பிளான் இவற்றைச் சேர்க்க ஆரம்பியுங்கள். எங்கள் சொஸைட்டியில் அக்ரிமெண்டுகளைச் சேர்க்கவே ஏழு மாதம் பிடித்தது. இரண்டு பேர் அதைச் சென்னையில் லாக்கரில் வைத்திருந்தார்கள். மனு இப்போது துணைப் பதிவாளர் ஆபீஸில் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் காப்பி சாப்பிடும்போது கேளுங்கள்.