பூனையின் கழுத்தில் மருந்துப் பட்டை

பூனைக்கு மணி கட்டுவது யார் என்பது எலிகளின் பழைய கவலை. பூனைக்கு மருந்துப் பட்டை கட்டலாமா என்பது அதை வளர்ப்பவரின் இன்றைய கவலை. தொழிலை முன்னிட்டு டில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி, அடுக்கு வீடுகளில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பூனையும் குடும்பத்தில் ஒன்றாகிவிட்டது. அதன் உடலில் தெள்ளுப்பூச்சியோ உண்ணியோ தென்பட்டவுடன், பக்கத்துக் கடையில் ஒரு பட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிவிடுவது எளிய வழியாகத் தோன்றுகிறது. எளிய வழிதான், ஆயினும் சில வேளைகளில் அது பூனையின் உயிருக்கே உலையாகிவிடுகிறது. அஃது எவ்வாறு நேர்கிறது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றையே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் இப்பட்டை என்பது யாது என்று பார்ப்போம். பிளாஸ்டிக் போன்ற பொருளில் பூச்சிக்கொல்லியைக் கலந்து வார்த்தது இது. மருந்து நாள்தோறும் சிறிது சிறிதாக வெளிப்பட்டுப் பூச்சிகளைக் கொல்லுகிறது. 1960-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பட்டைகளில் டைகுளோர்வாஸ் என்னும் மருந்து ஆவியாகக் கசிந்து இவ்வேலையைச் செய்தது. அம்மருந்தை இந்திய அரசு 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்துவிட்டது. புரோபாக்சர் கலந்த பட்டைகளும் நெடுநாள் புழக்கத்தில் இருந்தன. பிராணியைக் கட்டி அணைத்து விளையாடும் குழந்தைகளுக்குத் தீங்கு நேரலாம் என்பதால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2014-இல் அவற்றைக் கைவிடச் செய்தது. பிராணிக்குக் கட்டிய நஞ்சு குழந்தையின் கைக்கும் வாய்க்கும் வந்து சேரும் என்பதை நாம் மறத்தலாகாது.

இக்காலத்தில் பெரிதும் விற்கும் ஒரு வகையில் இமிடாகுளோபிரிட் நூற்றுக்குப் 10 பங்கும், புளூமெத்ரின் 4.5 பங்கும் உள்ளன. 2021-இல் இவ்வகையைப் பற்றிப் பல புகார்கள் செய்தித்தாள்களில் வெளிவந்தன. அமெரிக்க நிறுவனம் அவற்றை ஆராய்ந்து, எச்சரிக்கை வாசகங்களும் கூடுதல் கண்காணிப்பும் வேண்டும் என்ற நிபந்தனையோடு 2023-இல் விற்பனையைத் தொடர அனுமதித்தது. ஆகவே, பட்டையெல்லாம் நஞ்சு என்று அஞ்சி ஒதுக்குவதும் சரியன்று; பட்டையெல்லாம் பத்திரம் என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவதும் சரியன்று.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். பூனையின் திறத்தில் அளவு மட்டுமன்று, மருந்தின் இனமும் முக்கியமானது. நாயின் ஈரல் சில மருந்துகளை மாற்றி எளிதில் வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கோ அவ்வேலைக்குரிய நொதிகளில் சில இயல்பாகவே குறைவு. பெர்மெத்ரின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாமந்தி இனப் பூவிலிருந்து கிடைக்கும் பூச்சிக்கொல்லியைப் போலச் செயற்கையாகச் செய்யப்பட்டது அது. நாய்க்கு நன்கு ஒத்துக்கொள்ளும் அம்மருந்து பூனையைக் கொன்றுவிடக் கூடும். நாய்களுக்கான சில உண்ணிப் பட்டைகளில் உள்ள அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. அன்றியும், பூனை தன் உடலைத் தானே நக்கித் துப்புரவு செய்துகொள்ளும் பிராணி. மேலே படிந்த மருந்தில் ஒரு பகுதி அதன் வயிற்றுக்குள்ளும் போய்விடுகிறது.

பட்டையினால் நேரும் தீங்குகளை மூவகையாகப் பகுத்துக் கூறலாம்.

முதலாவது தோலைப் பற்றியது. பட்டை படும் இடத்தில் தோல் சிவந்து, மயிர் உதிர்ந்து, அரிப்பெடுத்து, சில வேளை புண்ணாகி நீர் கசியும். அடர்ந்த மயிருள்ள பூனைகளில் இது வெளியே தெரியாமல் முற்றிவிடும். எனவே வாரம் ஒரு முறையேனும் பட்டையை விலக்கிக் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது உடலுக்குள் ஏறும் நஞ்சு. டைகுளோர்வாஸ், புரோபாக்சர் போன்றவை நரம்பின் கட்டளைகளை அடக்கும் நொதியைத் தடுத்துவிடுகின்றன. அப்போது எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், வாந்தியும் கழிச்சலும் காணும், கண்ணின் பாவை சிறுத்துப்போகும், மூச்சுத் திணறும். பெர்மெத்ரினால் காது, முகம், கால் துடிக்கும், உடல் நடுங்கும், தொட்டாலே துள்ளும், முற்றினால் வலிப்புக் காணும். இக்குறிகள் சில மணி நேரத்திலும் தோன்றலாம். இரண்டொரு நாள் கழித்தும் தோன்றலாம்.

மூன்றாவது மருந்தைச் சாராதது. தளர்ந்த பட்டைக்குள் பூனை முன்னங்காலை நுழைத்துக்கொண்டால் அக்குளில் ஆழ்ந்த புண் ஏற்படும். தாடை மாட்டிக்கொள்வதும் உண்டு. சன்னல் கம்பியிலோ மரக்கிளையிலோ பட்டை சிக்கினால் கழுத்து இறுகிவிடும். ஆதலால், வலிந்து இழுத்தால் தானே கழன்றுவிடும் பட்டையே பூனைக்கு உகந்தது. மாட்டும்போது கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரு விரல் நுழையும் இடம் இருக்கட்டும்; மிகுந்து தொங்கும் நுனியைக் கத்தரித்துவிடுங்கள்.

கேடு நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டுவது என்ன? உடனே பட்டையைக் கழற்றுங்கள். பூனை தெளிவாக இருந்தால், பாத்திரம் துலக்கும் மென்மையான சோப்பு நீர்மத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் குளிப்பாட்டி, துடைத்து, குளிர்படாமல் வையுங்கள். வலிப்பு வந்துவிட்டால் குளிப்பாட்டுவதில் காலம் கடத்தாமல் வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். பாலோ எண்ணெயோ புகட்டுவதும், வாந்தி எடுக்கச் செய்ய முயல்வதும் கூடாது. அவை மூச்சுக்குழலில் புகுந்து வேறு கேட்டை விளைக்கும்.

கழற்றிய பட்டையையும் அதன் உறையையும் ஓர் உறையிலிட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இது மிகவும் பயன்படும். நோயை விவரிக்க நாவில் சொல் வராவிடினும், உறையில் அச்சிட்ட மருந்தின் பெயர் வைத்தியருக்கு வேண்டியதைச் சொல்லிவிடும். எந்த மருந்து என்பதைப் பொறுத்தே சிகிச்சையும் மாறுபடும்: ஒன்றுக்கு அட்ரோபின் ஊசி, மற்றொன்றுக்குத் தசைத் துடிப்பை அடக்கும் மருந்து. தெள்ளுப்பூச்சியை இந்தியில் பிஸ்ஸூ என்றும், உண்ணியைக் கில்னி என்றும் சொல்வர். மராத்தியில் முறையே பிசூ, கோசீட் என்பர். மும்பையில் பரேலிலும், கொல்கத்தாவில் பெல்காச்சியாவிலும், பரேலி நகரை அடுத்த இஸத்நகரிலும் பெயர்பெற்ற கால்நடை மருத்துவ நிலையங்கள் உள்ளன. அருகில் உள்ள வைத்தியசாலையின் தொலைபேசி எண்ணை முன்னதாகவே குறித்து வைத்துக்கொள்வது நலம்.

வருமுன் காப்பது இன்னும் நன்று. நாய்க்கென விற்பதைப் பூனைக்குக் கட்டாதீர்கள். பாதியாக வெட்டியும் கட்டாதீர்கள். உறையில் பூனைக்குரியது என்ற சொல்லையும், குறைந்த வயதையும் தேடிப் பாருங்கள். முன்னர்ச் சொன்ன இமிடாகுளோபிரிட் வகையும் பத்து வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஆகாது. சினையுற்ற பூனைக்கும் நோயுற்ற பூனைக்கும் வைத்தியரைக் கேளாமல் எதுவும் கட்ட வேண்டா. பட்டை இருக்கும்போது வேறு பூச்சி மருந்தைத் தெளிப்பதும் தவறு. வீட்டில் நாயும் இருந்து, அதற்குப் பெர்மெத்ரின் இட்டிருந்தால், அது நன்கு உலரும்வரை இரண்டையும் பிரித்து வையுங்கள்.

தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் கூடும் பெரும்பாலும் பூனையின் மேல் இல்லை. அது படுக்கும் துணியிலும், கம்பளத்திலும், தரையின் இடுக்கிலும் இருக்கின்றன. ஆதலால் படுக்கைத் துணியைச் சுடுநீரில் துவைத்து, மூலை முடுக்குகளைப் பெருக்கித் துடைப்பது எந்தப் பட்டைக்கும் குறைந்த மருந்தன்று. நெருங்கிய பற்களுள்ள சீப்பினால் தினமும் வாரி, சிக்கிய பூச்சியைச் சோப்பு நீரில் அமிழ்த்துங்கள். இவ்வளவும் செய்தும் தொல்லை தீராவிடின், எந்த மருந்து தக்கது என்பதை வைத்தியர் கூறட்டும்.

தனக்கு வலிப்பது இன்ன இடம் என்று பூனை வாய்விட்டுச் சொல்லாது. அதன் கழுத்தில் நாம் எதைக் கட்டுகிறோம் என்பதை அறிந்து கட்டுவது நமது கடமை.