மடங்காத கத்தி

பைக்குள் அடங்கும் மடக்குக் கத்தி இருக்கும்போது, மடங்காத கத்தி எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. அதற்கான பதில் ஸ்வீடன் நாட்டின் மோரா என்ற ஊரில் இருக்கிறது. 1891-இல் அங்கே தொடங்கிய பட்டறையின் கத்தி மரபு இன்றும் தொடர்கிறது. சிவப்புச் சாயம் பூசிய மரப்பிடி, சுமார் 10 சென்டிமீட்டர் அலகு, அவ்வளவுதான் அந்தக் கத்தி. அலகின் வால் பிடிக்குள்ளேயே இறங்கி இறுகியிருக்கும். நடுவில் மூட்டு இல்லாததால் விறகு பிளக்கும்போது ஆட்டம் காணாது. மீன் கழுவினால் செதில் போய் அடைவதற்கும் இடுக்கு இல்லை. காட்டில் சுள்ளி சீவிய அதே கத்தி வீட்டில் காய் நறுக்கவும் உதவும்.

ஆபத்தில்லையா என்பார்கள். உறையில் வைத்தால் இல்லை. பூட்டில்லாத மடக்குக் கத்திதான் அழுத்தும்போது விரல்மேல் மடங்கும். மழுங்கிய கத்திதான் கூடுதல் பலம் கேட்டு வழுக்கும். துருப்பிடிக்குமே என்பதும் நியாயமான கேள்விதான். கார்பன் எஃகு அலகு ஈரத்தைத் தாங்காது. ஆனால் துடைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் தடவ அரை நிமிடம் போதும். நம்பிக்கையான கருவி விலையால் அமைவதில்லை. எளிய அமைப்பாலும் அன்றாடப் பராமரிப்பாலும் அமைகிறது.