ஐக்கிய சங்கமும் ஊர் ஒற்றுமையும்



பல ஜாதியாரும் பல மதத்தாரும் ஓரூரில் வாழ்வது இந்நாட்டில் நெடுங்கால வழக்கம். அவர்கள் ஓரிடத்தில் கூடி, ஒரே கணக்கைப் பார்த்து, ஆளுக்கொரு வாக்களிப்பது பிற்காலத்தில் வந்த வழக்கம். பழைய ஏற்பாடு மாறும்போது மனஸ்தாபமும் கலகமும் தோன்றுவது இயல்பு. அம்மாறுதல் ஊரைப் பிளவுபடுத்தாமல் நிறைவேற ஐக்கிய சங்கம் எங்ஙனம் துணை செய்யும் என்பதே இப்பிரசங்கத்தின் விஷயம்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவுப் பட்டணத்தில், 1844-ஆம் வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி, 28 பேர் சேர்ந்த ஒரு சங்கத்தார் சிறு கடையொன்றைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில சரக்குகளே அதில் இருந்தன. அவர்கள் மதத்திலும் ராஜீயக் கொள்கையிலும் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் சங்கம் எந்த மதத்தையும் எந்தக் கட்சியையும் சாராது என்றும், பங்கு எத்தனை இருப்பினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்றும் முறை வகுத்துக்கொண்டனர். 1895-இல் லண்டனில் தோன்றிய சர்வதேசக் கூட்டுறவு ஸ்தாபனம், ராச்டேல் முறைகளை 1937-இல் உலகத்துச் சங்கங்களுக்குப் பொதுவாக எடுத்துரைத்தது. 1995-இல் அவற்றைத் திருத்தியபோது, பால், சமூக நிலை, இனம், கட்சி, மதம் ஆகிய வேற்றுமை பாராமல் அங்கத்தினரைச் சேர்க்க வேண்டும் என்பதையே முதல் விதியாக வைத்தது.

சென்னை மாகாணத்தில் ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகள், ஜெர்மனியில் ரைபைஸன் என்பவர் கண்ட கிராமச் சங்க முறையைச் சிபாரிசு செய்தன. 1904-இல் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்த திரூரில் சங்கம் தோன்றியது. அந்நாளைய கிராமச் சங்கங்களில் பொறுப்புக்கு வரையறை இல்லை. ஒருவர் செலுத்தாத கடனுக்கு எல்லோரும் உத்தரவாதம். ஆதலால் மேலத் தெரு மிராசுதாருக்கும் கீழத் தெருக் குத்தகைக்காரரின் விளைச்சலில் அக்கறை பிறக்க வழியிருந்தது.

அதே விதி மற்றொரு விதமாகவும் வேலை செய்தது. அறிந்தவரையும் உறவினரையும் மட்டுமே நம்பிச் சேர்த்ததனால், பல சங்கங்கள் ஒரு தெருவின் சங்கங்களாகவே நின்றன. 1920-ஐ அடுத்த வருஷங்களில் ஆதிதிராவிடர்க்குத் தனிச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. தவணை முறையில் பணம் கட்டி வீட்டுமனை பெற அவை பெரிதும் உதவின. எனினும் சேர்ந்து உட்காரும் பழக்கம் தனிச் சங்கத்தால் வரவில்லை.

பொதுக் கிணறும் சாலையும் எல்லோர்க்கும் உரியவை என்று 1938-இல் சென்னைச் சட்டசபை சட்டம் செய்தது. 1939 ஜூலை 8-ஆம் தேதி, ஸ்ரீ அ. வைத்தியநாதய்யர் முன்னின்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட அன்பர்களை அழைத்துச் சென்றார். பொதுஜன அபிப்பிராயத்தைத் திரட்ட அதற்கு முன்பே உழைத்திருந்தார். 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. சட்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே வந்தவர்க்குப் பாய் விரிப்பது ஊராரின் கையில் உள்ளது.

திண்ணையோரத்தில் நிறுத்தப்படும் அங்கத்தினர் வட்டியை மட்டும் மற்றவரைப் போலவே முழுதும் செலுத்துகிறார். பயிர் பொய்த்தால் அதைச் சங்கத்தில் வாய்விட்டுச் சொல்லக் கூசுவார், லேவாதேவிக்காரரிடம் போவார், சங்கத்துக்குத் தவணை தவறும். நஷ்டம் எல்லோரையும் சேரும். அதனினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. திருவிழாவிலோ வாய்க்கால் முறையிலோ தகராறு மூளும் நாளில், இரு திறத்தாரும் அஞ்சாமல் வந்து பேசத்தக்க பொது இடம் அவ்வூரில் இல்லாமற் போகும்.

ஆகவே பஞ்சாயத்தார் சில காரியங்களில் கண்ணுங்கருத்துமாக இருத்தல் வேண்டும். கூட்டம் எல்லோரும் தடையின்றி வரக்கூடிய இடத்தில் கூடுக. பாயும் தண்ணீர்ப் பானையும் எல்லோர்க்கும் ஒன்றாகவே இருக்க. வரவு செலவைப் படிப்பறியாதவரும் உணரும்படி உரக்கப் படிக்க. கடன் மறுத்தால் காரணத்தை மினிட் புஸ்தகத்தில் எழுதுக. உபவிதியை மாற்றுமுன் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, மாறான அபிப்பிராயத்தையும் பொறுமையுடன் கேட்டு, பிறகு வாக்கெடுக்க. தீராத வழக்கைத் தெருவுக்குக் கொண்டுபோகாமல் ரிஜிஸ்திராரின் தீர்ப்புக்கு விடுக. ஊர்க்கட்சியும் மதவாதமும் சங்க வாசலுக்கு வெளியிலேயே நிற்க.

இவற்றுக்கெல்லாம் முதற்படியாக, அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஜாபிதாவைத் தெருவாரியாகப் படித்துப் பார்ப்பார்களாக. எந்தத் தெருவின் பெயர் அதில் வரவில்லையோ, எந்த வீட்டுப் பெண்கள் சேரவில்லையோ, அங்கே மறுநாட் காலையில் பஞ்சாயத்தார் தாமே சென்று அழைப்பார்களாக.