குறைமாதத்தில் பிறந்த மழலையும் அதன் பேச்சும்

(சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் மேடையில் தலைமையாசிரியர் ஒருவர் தேர்வையும் மதிப்பெண்ணையும் பற்றிப் பேசுவதே வழக்கம். நானோ இன்னும் பள்ளிப் படியேறாத, மூன்று வயதுக்குட்பட்ட மழலைகளைப் பற்றி, அவர்களுள்ளும் குறைமாதத்தில் பிறந்தவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாமல் கடைசிப் பலகையில் அமர்ந்திருக்கும் மாணவனின் துன்பம், பலவேளைகளில் ஆறாம் வகுப்பில் தொடங்கியதன்று. அவனுக்கு இரண்டு வயதானபோது பேச்சு வரவில்லை. ஏன் என்று எவரும் கேட்கவில்லை. காது கேட்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை. இதே குறை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இருந்தால், "மருத்துவரிடம் காட்டுங்கள்" என்பார்கள். நம் தெருப் பிள்ளைக்கு இருந்தாலோ, "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உடற்குறை ஒன்றைப் பிறப்பின்மேல் ஏற்றிச் சொல்லும் இப்பழியைத் துடைப்பதும் கல்விப் பணியே ஆகும்.

கருவுற்ற காலம் ஏறத்தாழ 40 வாரங்கள். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020-ஆம் ஆண்டில் உலகில் இவ்வாறு பிறந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் சுமார் 30 இலட்சம் பேர் நம் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறெந்த நாட்டிலும் இத்துணைப் பேர் இல்லை.

இதற்குத் தாயைப் பழிப்பது பெருந்தவறு. கிரகணமோ கண்ணேறோ இதற்குக் காரணம் அல்ல. இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், நோய்த்தொற்று, இரட்டைக் கரு, மிக இளவயதில் கருவுறுதல், பேறுகளுக்கிடையே போதிய இடைவெளி இன்மை ஆகியவையே அறியப்பட்ட காரணங்கள். பலருக்குக் காரணம் இன்னதென்றே தெரிவதில்லை. நாற்றுப்பறியிலும் நடவிலும் நாள் முழுதும் குனிந்து நின்று, அரை வயிற்றுடன் வீடு திரும்பும் கர்ப்பிணிக்கு வேண்டுவது ஓய்வும், உணவும், இரும்புச்சத்து மாத்திரையுமே. "ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது" என்னும் பேச்சும் பொய். கருவில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமையே தரும்.

கருவின் மூளை விரைந்து வளர்வது கடைசி மூன்று மாதங்களில்தான். அவ்வேளையில் வெளியே வந்துவிட்ட சிசுவுக்கு மூச்சுத்திணறல், மூளையில் இரத்தக்கசிவு, கடும் மஞ்சட்காமாலை, தொற்று ஆகியவை நேரலாம். இவற்றால் செவியும், பேச்சும், நடையும் பாதிக்கப்படக்கூடும். உயிர்காக்கக் கொடுக்கும் சில மருந்துகளும் அரிதாகச் செவியைத் தாக்கும். எனினும் அஞ்ச வேண்டா. குறைமாதப் பிள்ளைகளுள் மிகப் பலர் நன்கு தேறி வளர்கிறார்கள். எவ்வளவு முன்னதாகப் பிறந்தார்களோ, அவ்வளவுக்குக் கண்காணிப்பு மிகுதியாக வேண்டும், அவ்வளவே.

இங்கே பெற்றோர் அறிய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று பன்னிரண்டு மாதம் என்றால், அதன் வளர்ச்சியைப் பத்து மாதக் குழந்தையின் வளர்ச்சியோடுதான் ஒப்பிட வேண்டும். இதனைத் திருத்திய வயது என்பர். இரண்டு வயது வரை இக்கணக்கைக் கொள்வது மருத்துவ வழக்கம். இது தெரிந்தால் வீண் அச்சம் நீங்கும். "குறைமாதம்தானே" என்று எல்லையின்றிக் காத்திருக்கும் மயக்கமும் நீங்கும்.

நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கியவர்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழே சான்று. ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் தலைநிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை. ஒன்பதாம் மாத அளவில் கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டை ஒட்டித் தளர்நடையிட்டு வருவது வருகை. நிலவைக் காட்டி விளையாட அழைப்பது அம்புலி. சுட்டிக் காட்டியதைக் குழந்தை நோக்குவதும், தானே விரல்நீட்டிச் சுட்டுவதும் பேச்சுக்கு முன்படி என்று இக்கால அறிவியலும் கூறுகிறது.

திருத்திய வயதில் இவற்றைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான்கு மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடியின்றி உட்கார வேண்டும். ஓராண்டில் மழலை ஒலி எழுப்ப வேண்டும்; பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப வேண்டும். பதினாறு மாதத்தில் பொருளுள்ள ஒரு சொல்லேனும் வர வேண்டும். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும், வந்த பேச்சு நின்றுபோனாலும், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் பேசத் தொடங்கினார் என்று அவர் வரலாறு கூறும். பின்னாளில் அவர் நமக்கு அண்மையிலுள்ள தருமபுரம் மடத்தின் அடியவரானார். அவ்வரலாற்றைக் காட்டி, "ஐந்து வயதில் தானே பேசுவான்" என்று சொல்லும் பெரியவர்களை வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன்: புலவரைப் போற்றுவோம், பிள்ளையைக் காத்திருக்க வைக்க வேண்டா. மூளை எளிதில் வளைந்து கற்கும் காலம் முதல் மூன்று ஆண்டுகளே. நாற்றங்காலில் பிடிக்காத பயிரைக் கதிர்விடும் பருவத்தில் பிடிக்க முயல்வது எவ்வளவு கடினம் என்பதை உழைப்பாளிகளாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

உதவிக்கு வழியும் உண்டு. குறைமாதக் குழந்தைக்கு முதல் மாதத்திலேயே செவிப் பரிசோதனை செய்ய வேண்டும். மிக முன்னதாகவோ மிகக் குறைந்த எடையிலோ பிறந்ததாயின், விழித்திரைப் பரிசோதனையும் நான்கு வாரத்திற்குள் வேண்டும். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பார்க்க வேண்டும். அக்குழு அனுப்பும் குழந்தைக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பேச்சுப் பயிற்சியும் இயன்முறை மருத்துவமும் கட்டணமின்றிக் கிடைக்கும். இவை சலுகையல்ல, உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டையும் ஏற்றுள்ளது.

எளிய கிராமங்களில் இது நடக்குமா என்று ஐயுற வேண்டா. திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தார் வகுத்த பதினேழு குறிப்புகள் கொண்ட அட்டவணையால், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் வளர்ச்சியை அங்கன்வாடிப் பணியாளரே சில நிமிடங்களில் அறியலாம். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-இல் தோன்றிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற பணியாளர்களைச் சிற்றூர்களில் வீடுதோறும் அனுப்பித் தாய்மாருக்கே பயிற்சி முறைகளைக் கற்பித்து வருகிறது.

வீட்டில் செய்ய வேண்டுவது செலவற்றது. பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுங்கள். கொக்கையும் நண்டையும் வாய்க்காலையும் காட்டிப் பெயர் சொல்லுங்கள். அது ஓர் ஒலி எழுப்பினால் மறுமொழி கூறிக் காத்திருங்கள். தாலாட்டை விட்டுவிடாதீர்கள். அழுகையை நிறுத்தக் கைபேசியைக் கொடுக்காதீர்கள்; அது பேசும், ஆனால் பிள்ளைக்கு மறுமொழி சொல்லாது. நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தீங்கானது. தாய் வயலுக்குப் போகும்போது மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பிள்ளையைப் பார்க்க விடாதீர்கள். ஒரு பிள்ளையின் பேச்சுக்காக மற்றொரு பிள்ளையின் எழுத்தைப் பறிக்கலாகாது.

இளைஞர்களே! பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அத்தாய்க்குக் கூலி இழப்பு. பலர் இடையில் நிறுத்திவிடுவது அறியாமையால் அன்று, வறுமையால். ஆகவே நம் சங்கம் மூன்று செயல்களை மேற்கொள்ள வேண்டுகிறேன். தெருவாரியாகக் குறைமாதக் குழந்தைகளின் பெயரையும் திருத்திய வயதையும் அங்கன்வாடிப் பணியாளரோடு சேர்ந்து குறித்து வைப்போம். மருத்துவமனைக்குச் செல்லும் தாயுடன் படித்த இளைஞர் ஒருவர் துணை செல்வோம். பேருந்துக் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் ஈடுசெய்யச் சிறு நிதி ஒன்றை ஒதுக்குவோம்.

1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது, பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளை உள்ளே அழைத்தார். இன்று வாசல் திறந்திருக்கிறது. உள்ளே வரும் பிள்ளை ஆசிரியரின் சொல்லைக் கேட்கவும், தன் பெயரைத் தானே சொல்லவும் வல்லதாக வர வேண்டும். அதற்கான வேலை தொட்டிலருகே தொடங்குகிறது. அதை இவ்வாண்டே தொடங்குவோம்.