தூக்குச்சட்டிக்குள் மீனும் கொய்யாவும்



டப்பாவில் அடைத்த மீனில் சத்து அதிகமா, பறித்த பழத்தில் அதிகமா? இப்படி யாராவது கேட்டால், "யார் சாப்பிட?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். என்ன வேலை பார்க்கிறவர், மற்ற வேளைக்கு என்ன சாப்பிடுகிறார் என்று தெரியாமல் சத்துக் கணக்குப் போட முடியாது. அதனால் இன்றைக்கு ஒருவரை முன்னால் நிறுத்திக்கொண்டு பேசுகிறேன். போடிநாயக்கனூரிலிருந்து விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற அக்காதான் அவர்.

அவருடைய தூக்குச்சட்டியைத் திறந்து பாருங்கள். நிறையச் சோறு இருக்கும். அதன் மேலே புளிக்குழம்போ ரசமோ இருக்கும். ஓரத்தில் ஊறுகாய் இருக்கும், சில நாள் ஒரு துண்டு கருவாடு இருக்கும். பகல் முழுக்க ஏலச்செடியின் அடியில் குனிந்தோ குத்தவைத்தோ காய் எடுக்கிற உடம்புக்கு அந்தச் சோறு தெம்பு கொடுக்கும். ஆனால் தெம்பு வேறு, சத்து வேறு. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரண்டு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது, சாயங்காலம் ஜீப்பில் உட்கார்ந்ததும் கண் சொருகுகிறது என்றால் அதை வேலைக் களைப்பு என்று ஒதுக்கிவிடுகிறோம். பல பேருக்கு அது களைப்பு மட்டும் அல்ல, இரும்புச்சத்துக் குறைவும்தான்.

இனி மீனுக்கு வருவோம். டப்பாவில் வருவது பெரும்பாலும் மத்தி, அயிலை, சூரை. எலும்போடு அடைத்த மத்தியில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் ஏறக்குறைய 46 கிராம். அதில் பாதி இந்தச் சின்ன டப்பாவிலேயே வந்துவிடுகிறது. ரத்தம் ஊறத் தேவையான வைட்டமின் பி 12, நாள் தேவையைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கிறது. இந்த பி 12 எந்தப் பழத்திலும் கிடையாது. இதயத்துக்கு நல்லது செய்யும் ஒமேகா 3 கொழுப்பும் வைட்டமின் டி-யும் மத்தியில் உண்டு.

கால்சியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். டப்பா மத்தியின் நடுமுள்ளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள், மாவாக நசுங்கும். டப்பாவை மூடி முத்திரை வைத்த பிறகு, கொதிநிலையைத் தாண்டி 115, 120 டிகிரி அளவுக்கு அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். கிருமி சாவதற்காகச் செய்கிற அந்தச் சூட்டில் முள்ளும் மெத்தென்று ஆகிவிடுகிறது. தட்டோரம் ஒதுக்கி வைக்கிற முள், இங்கே உள்ளே போகிறது. அப்படித்தான் 100 கிராமில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கிறது. அதே சூட்டில் வைட்டமின் பி 1 ஓரளவு அழியும். புரதமும் ஒமேகா 3-உம் பெரும்பாலும் தங்கிவிடும்.

பழத்தை டப்பாவில் அடைத்தால் கதை நேர் எதிர். சூட்டில் வைட்டமின் சி குறையும், கூடவே சர்க்கரைப் பாகும் சேரும். மீன் டப்பாவுக்குள் போய் ஒரு விதத்தில் லாபம் அடைகிறது, பழம் நஷ்டப்படுகிறது. பழத்தைப் பழமாகவே சாப்பிட வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பழத்தில் எதை எடுப்பது? போடியைச் சுற்றி மாந்தோப்புக்குப் பஞ்சமில்லை. தெற்கே போனால் கம்பம் பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. தேனி மாவட்டத்து வாழை ஊர் ஊராகப் போகிறது. எல்லாமே நல்ல பழங்கள்தான். ஆனால் நம் அக்காவுக்கு நான் எடுத்து நீட்டுவது கொய்யா. மாம்பழத்தில் 100 கிராமுக்கு 36 மில்லிகிராம் அளவில் வைட்டமின் சி இருக்கிறது. வாழையில் 10-க்கும் குறைவு, திராட்சையில் அதைவிடக் குறைவு. கொய்யாவில் 200-க்கும் மேல்! ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 65 மில்லிகிராம்தான். நடுத்தரமான ஒரு கொய்யா அதைத் தாண்டிவிடும். 100 கிராமில் 5 கிராம் நார்ச்சத்தும் இருக்கிறது. மீனில் வைட்டமின் சி-யும் இல்லை, நார்ச்சத்தும் இல்லை. கொய்யாவைக் கத்தி வைத்து நறுக்க வேண்டாம், தோல் சீவ வேண்டாம், தூக்குச்சட்டியோடு மலையேறினாலும் மாம்பழம் போல நசுங்காது. காய் எடுப்பு மும்முரமாக நடக்கிற மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும்தான் கொய்யாவும் சந்தையில் மலிந்து கிடக்கிறது.

மீனும் கொய்யாவும் ஒரே வேளையில் சேரும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சின் முக்கியமான இடம். சோறு, பருப்பு, கீரை இவற்றிலுள்ள இரும்பை நம் குடல் லேசில் எடுத்துக்கொள்ளாது. பெரும்பகுதி வீணாய்ப் போகும். வைட்டமின் சி கூட இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். மீன் தசையும் அதே உதவியைச் செய்கிறது. ஆக, கீரைக் கடைசலும் சோறும் தின்று, கூட ஒரு துண்டு மீனும் ஒரு கொய்யாவும் சாப்பிட்டால், அதே கீரையிலிருந்து கிடைக்கிற இரும்பு கூடுகிறது. இந்தியப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் மத்தியில் 3 மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. மீன் மட்டும் தின்று இந்தக் குறையை அடைக்க முடியாது. பழம் மட்டும் தின்றும் முடியாது.

இரும்பு உடம்பில் சேர்வதைக் கெடுக்கிற பழக்கம் ஒன்று மலையில் இருக்கிறது. சாப்பிட்ட கையோடு பாலில்லாத கட்டஞ்சாயா குடிப்பது. குளிருக்கு அது இதமாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. டீயை நிறுத்த வேண்டாம், தள்ளிப் போடுங்கள்.

பழத்தின் அருமையும் டப்பாவின் அருமையும் தெரியவந்ததற்குப் பழைய கதை உண்டு. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்கிற கப்பல் வைத்தியர், ஈறு வீங்கி ரத்தம் கசிந்துகொண்டிருந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இரண்டு பேர்தான் சட்டென்று தேறினார்கள். உப்புக்கண்டம் எவ்வளவு இருந்தாலும், பழம் இல்லாமல், வைட்டமின் சி குறைவால் வரும் அந்த நோய் போகவில்லை. பிறகு 1810-இல் பிரான்சு அரசு, உணவைக் கெடாமல் அடைத்து வைக்கும் வழி கண்ட நிக்கோலா அப்பேருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அவர் அடைத்தது கண்ணாடிப் புட்டியில். அதே ஆண்டில் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

இலங்கை மலையகத் தோட்டங்களில் நம் தமிழர் வீடுகளில் டின் மீன் சாதாரண மளிகைச் சாமான். போடியில் அப்படி இல்லை. பெரிய கடையில்தான் கிடைக்கும், விலையும் கூடுதல். அதற்காக நீங்கள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஐஸ் போட்டு வருகிற மத்தியை வாங்கிக் கழுவி, புளி, மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்துக் குக்கரில் சிறு தீயில் முக்கால் மணி நேரம் விடுங்கள். முள் மெத்தென்று ஆகிவிடும். டப்பா மீன் தருகிற கால்சியத்தை வீட்டுக் குக்கரும் தரும். ஆனால் டப்பா போல இது நாள்கணக்கில் தாங்காது, அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். நெத்திலிக் கருவாடும் முள்ளோடு தின்பதுதான். அதில் உப்பு அதிகம் என்பதால் வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்துக் கொட்டிவிட்டுச் செய்யுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டப்பா வாங்குகிறவர்கள், உப்பியதையும் துருப்பிடித்ததையும் தொடாதீர்கள். திறந்தால் மீதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பு அதிகம். காய் எடுத்த கையோடு சோற்றில் கை வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். கொய்யாவை வீட்டிலேயே கழுவி, மூடிய டப்பாவில் கொண்டு போங்கள்.

தோட்ட முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஏலத்துக்கு நிழல் தர எத்தனையோ மரம் வளர்க்கிறீர்கள். மருந்து படாத இடமாகப் பார்த்து, ஸ்டோர் பக்கத்திலோ லயத்துப் பக்கத்திலோ நாலு கொய்யாவும் ஒரு எலுமிச்சையும் வையுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் காய்த்துவிடும். மத்தியானம் சாப்பிட உட்காருகிற பெண்கள் பறித்துத் தின்னட்டும்.