பழுதான மெஷினைப் பிரித்துப் பாருங்கள்

(தோட்ட இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



புல்லு வெட்டுற மெஷின் பழுதானால் நாங்கள் என்ன செய்கிறோம்? கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். "பார்ட்ஸ் இல்லையாம்" என்று பதில் வரும். பிறகு அது ஒரு மூலையில் கிடந்து துருப்பிடிக்கும்.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் மார்சின் யாக்குபோவ்ஸ்கி என்றொருவர். போலந்தில் பிறந்தவர், பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவ்வளவு படித்துவிட்டு விவசாயம் செய்யப் போனார்! வாங்கிய டிரக்டர் உடைந்தது. காசு கொடுத்துத் திருத்தினார். மறுபடி உடைந்தது. கையிலிருந்த காசும் தீர்ந்தது. அதன் பிறகுதான் தானே ஒன்றைச் செய்ய இறங்கினார். அவர் 2003இல் தொடங்கிய அமைப்பின் பெயர் 'ஓப்பன் சோர்ஸ் இக்கொலொஜி'. 50 மெஷின்களுக்குத் திட்டம் போட்டார்கள். செய்து பார்த்தவற்றின் வரைபடங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசு கேட்பதில்லை.

அவர்கள் வேலை செய்யும் விதத்தைத்தான் நாங்கள் கவனிக்க வேணும். ஏற்கனவே இருக்கிற மெஷின்களை முதலில் ஆராய்கிறார்கள். எந்த உறுப்பு என்ன வேலைக்கு? எது அந்தக் கம்பெனியிடம் மட்டும் கிடைப்பது? அதற்குப் பதிலாக எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய இரும்புக் குழாயும் போல்ட் நட்டும் போடலாமா? எஞ்சினையும் எண்ணெய்ப் பம்பையும் ஒரே பெட்டியாக்கி, டிரக்டருக்கும் மண்கல் அழுத்தும் மெஷினுக்கும் மாற்றி மாற்றிப் பூட்டுகிறார்கள். அந்த மெஷினில் ஒரே நாளில் 5,000 கல் அழுத்தியதாக 2011இல் மேடையில் சொன்னார்.

மண்கல் மெஷின் புதுசு இல்லை. 1950களிலேயே கொலம்பியாவில் ராவுல் ராமிரெஸ் என்பவர் 'சின்வா-ராம்' என்ற கை மெஷினைச் செய்தார். மண்ணைப் போட்டு நீளமான பிடியை இழுத்தால் ஒரு கல். எஞ்சினே வேண்டாம்.

"இன்னொருத்தர் மெஷினைப் பார்த்துச் செய்தால் களவில்லையா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் நாட்டில் ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், 20 வருடத்துக்கு மேல் நிற்காது. அது முடிந்தபின் யாரும் செய்யலாம். அந்தப் பத்திரத்திலுள்ள படமும் விளக்கமும் எல்லோரும் வாசிக்கத்தான். கம்பெனியின் பெயரை மட்டும் போட்டு விற்கக் கூடாது.

சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளே, கொப்பி, பென்சில், அடிமட்டம் போதும். பழுதான மெஷினைக் கேட்டு வாங்கிப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டையும் அளந்து கீறுங்கள். பெண்பிள்ளைகளும் வரலாம், தாய்மார் தடுக்க வேண்டாம். ஆனால் ஒன்று: கை வைக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.