விருந்தும் வீட்டாரும்

2025-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டுப் பேரவை, 2030-ஆம் ஆண்டுப் போட்டிகளை நடத்தும் உரிமையை நம் நாட்டு ஆமதாபாத் நகருக்கு அளித்தது. 1930-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் தொடங்கிய அப்போட்டிகளின் நூற்றாண்டு, இவ்வாறு நம் மண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 2024 அக்டோபரில், 2036-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் பந்தயங்களையும் இந்தியாவில் நடத்த விரும்புகிறோம் என்று இந்திய ஒலிம்பிக் சங்கம் அனைத்துலகக் குழுவுக்கு எழுதியிருந்தது. ஆக, ஒரு விருந்து உறுதியாகிவிட்டது. அதனினும் பெரிய விருந்து ஒன்றுக்கு வெற்றிலை பாக்கு வைத்திருக்கிறோம்.

இதைப் பற்றி நம் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்தனர். மக்கள் கருத்து என்றவுடன் தலைநகரங்களில் வெளிவரும் நாளேடுகளைப் புரட்டுவது எளிய வழி. நான் அவ்வழியே செல்லவில்லை. பந்தியில் அமர்ந்திருப்பவரைக் காட்டிலும் திண்ணையில் நிற்பவர் சொல்வது பல வேளைகளில் பயனுடையது. ஆகவே ஆமதாபாத்துக்கு வெகு தொலைவில், வங்கக் கடலோரத்தில் இருக்கும் கடலூரிலும் சிதம்பரத்திலும் சில நாட்கள் சுற்றினேன். பலரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருள் நால்வர் கூறியதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல்வர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாழும், ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். பந்தயங்கள் வரவேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. 1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது அவர் வேலைக்குப் புதிது. தொலைக்காட்சியில் பார்க்க வாய்ப்பில்லை, வானொலியில் கேட்டார். பி. டி. உஷா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கியதும், வல்சம்மா 400 மீட்டர்த் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கியதும் நாளேட்டில் வந்தபோது, அப்படங்களைக் கத்தரித்துப் பள்ளிச் சுவரில் ஒட்டினாராம். “அதுவரை பெண் குழந்தைகளை ஓடச் சொன்னால் பெற்றோர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள் ஐயா. அந்தப் படத்தைக் காட்டினேன், அடுத்த ஆண்டு ஆறு பேர் ஓட வந்தார்கள்” என்றார். ஆறு பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தவர் அதைச் சிறிதென்று சொல்லமாட்டார்.

இவர் கருத்துக்கு வரலாற்றின் துணையும் உண்டு. ஆசிய விளையாட்டுப் போட்டிகளே முதன்முதலில் நம் நாட்டில்தான் நடந்தன. 1951 மார்ச்சு 4-ஆம் நாள் தில்லியில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அவற்றைத் தொடங்கிவைத்தார். 11 நாடுகள் கலந்துகொண்டன. நாடு விடுதலை பெற்று நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. பிரிவினையின் புண் ஆறவில்லை. அரிசிக்கும் கோதுமைக்கும் பங்கீட்டுச் சீட்டு இருந்த காலம் அது. அந்நிலையிலும் அண்டை நாட்டாரை அழைத்து ஓடவும் தாண்டவும் செய்தோம் என்றால், அதில் ஒரு துணிவு இருந்தது. வறுமை தீர்ந்த பிறகுதான் விழா என்று இருந்திருந்தால் அவ்விழா நடந்தே இராது.

ஆனால் 1982-ஐப் பற்றி ஆசிரியர் சொல்லாத பக்கம் ஒன்று உண்டு. என் கருத்தில் அப்போட்டிகளின் மிகப் பெரிய விளைவு மைதானத்தில் நிகழவில்லை, நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. மேம்பாலங்களையும் அரங்கங்களையும் கட்டிய தொழிலாளருக்கு அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் சேர்த்துக் கொடுத்த ஜமேதார்கள் அதில் ஒரு ரூபாயைத் தரகாகப் பிடித்துக்கொண்டனர். பெண்களுக்குக் கிடைத்ததோ 7 ரூபாய்தான். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் என்னும் அமைப்பு இதனை உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதமாக எழுதியது. அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1982 செப்டம்பர் 18-ஆம் நாள், போட்டிகள் தொடங்க இரண்டு மாதங்களே இருக்கையில், தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு, அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு விலக்கியுள்ள கட்டாய உழைப்பே ஆகும் என்று நீதிமன்றம் கூறிற்று. ஒப்பந்தக்காரர் மீது பழியைப் போட்டுவிட்டு அரசு விலகி நிற்க முடியாது என்றும் கூறிற்று. இன்று இந்நாட்டில் கல் சுமக்கும் எவரும் தம் கூலிக்காக வழக்காடினால், அத்தீர்ப்பைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள். பதக்கப் பட்டியலை மறந்தவர்களுக்கும் இது நிற்கிறது.

கடலூரில் நான் சந்தித்த இரண்டாமவர் தேவனாம்பட்டினத்து மீனவர். 2004-இல் ஆழிப்பேரலையும், 2011 டிசம்பரில் தானே புயலும் அவர் வீட்டைத் தேடி வந்தவை. பந்தயங்களைப் பற்றிக் கேட்டவுடன் அவர் கேட்ட முதற் கேள்வி, “மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்பதே. எனக்கு விடை தெரியவில்லை. யாருக்கும் தெரியாது என்றேன். “படகு கட்டுபவன் அப்படிச் சொன்னால் நான் முன்பணம் கொடுக்க மாட்டேன்” என்றார்.

இதைக் குறுகிய நோக்கு என்று தள்ளிவிட இயலாது. 2010-இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டிகளின் கதை அவர் பக்கமே சாட்சி சொல்கிறது. தொடக்கத்தில் சொல்லப்பட்ட மதிப்பீடு எங்கோ இருக்க, முடிவில் 18,500 கோடி ரூபாய்க்கு மேல் சென்றதாக இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை காட்டிற்று. போட்டிகளுக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் அரங்கத்தின் அருகே நடைபாலம் இடிந்து தொழிலாளர் பலர் காயமுற்றனர். அதற்கு முன்பே தில்லியின் குடிசைப் பகுதிகள் பல அகற்றப்பட்டிருந்தன. அமைப்புக் குழுத் தலைவர் அடுத்த ஆண்டு கைது செய்யப்பட்டார். மைதானத்தினுள்ளே நம் வீரர்கள் 101 பதக்கங்களைக் குவித்தார்கள். அவற்றுள் 38 தங்கம். வெளியே நடந்த கூத்தினால் அவர்களுக்கு உரிய புகழ் பாதிதான் கிடைத்தது.

அக்காலத்தில் எழுந்த எதிர்ப்புக் குரல்களுள் உரத்த ஒன்று நம் பக்கத்து மனிதருடையது. சிதம்பரத்தைத் தாண்டிக் கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள மயிலாடுதுறைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவரும், விளையாட்டுத் துறைக்கு மத்திய மந்திரியாக இருந்தவருமான மணிசங்கர் ஐயர், இப்போட்டிகள் வெற்றியடைந்தால் தமக்கு வருத்தமே என்று 2010 ஜூலையில் வெளிப்படையாகக் கூறினார். ஒன்று வெற்றி பெற்றால் அடுத்தடுத்து வேறு போட்டிகளையும் அழைத்து வருவார்கள். அப்பணத்தை நாட்டுக் குழந்தைகளின் விளையாட்டுக்குச் செலவிடலாமே என்பது அவர் வாதம். வாதம் வலிமையானதுதான். ஆயினும் விருந்தினர் வாயிலில் வந்து நிற்கும்போது சோறு கருகட்டும் என்று வேண்டிக்கொள்வது எனக்கு உடன்பாடன்று. அச்சொல்லை விருந்து பேசப்பட்ட நாளிலேயே வீட்டார் அனைவரும் கூடிச் சொல்லியிருக்கவேண்டும். கூட்டித்தான் கேட்டார்களா?

சிதம்பரத்துக்கு வருவோம். அண்ணாமலை நகரில், பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வேறொரு குறையைச் சொன்னார். “1951-இல் தில்லி, 1982-இல் தில்லி, 2010-இல் தில்லி, 2030-இல் ஆமதாபாத். வரி மட்டும் எல்லா ஊரிலும் வாங்குகிறார்கள்” என்றார் அவர். இளைஞருக்குரிய சூடு. எனினும் நம் தமிழ்நாட்டுக்கு ஒன்றுமே வரவில்லை என்று சொல்வது சரியன்று. 1995 டிசம்பரில் தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தன. அன்று எழும்பூரில் எழுந்த வளைகோல் பந்தாட்ட அரங்கம் முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர், டிசம்பரில், இளையோர் உலகக் கோப்பைப் போட்டிகளுக்கும் களமாயிற்று. மதுரையும் அதில் பங்கு பெற்றது. ஒருமுறை கட்டியதை முப்பது ஆண்டுகள் வைத்து ஆள்வது சிக்கனம். தில்லியிலோ, 1982-க்கெனக் கட்டிய நேரு அரங்கத்தை 2010-இல் பெரும்பொருள் செலவிட்டுப் புதுப்பித்தார்கள். அதனையே இடித்துவிட்டு வேறொன்று எழுப்பும் திட்டத்தை 2025 நவம்பரில் அறிவித்தார்கள்.

மாமல்லபுரத்துச் சதுரங்க ஒலிம்பியாடை அம்மாணவர் மறந்தே போயிருந்தார்; நினைவூட்டியதும் சிரித்தார். ருசியாவில் நடக்கவேண்டியது அது. உக்ரேன் போரினால் இடம் மாறி நம்மிடம் வந்தபோது கையில் இருந்தது நான்கு மாதமே. 2022 சூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர் வந்து ஆடிச் சென்றனர். மாநில அரசு ஒதுக்கிய தொகை 92 கோடி ரூபாய், முன்னதாகவே தெரிவிக்கப்பட்டது. வேட்டி கட்டிய குதிரை ஒன்று சின்னமாயிற்று. சதுரங்கத்துக்குப் பலகையும் நாற்காலியும் போதும், ஒலிம்பிக்குக்கு ஒரு நகரமே வேண்டும் என்பதை நான் அறிவேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் தொகையை முதலில் சொல்லிவிட்டுக் காரியத்தைப் பின்னர்ச் செய்ய இயலும் என்பதற்கு அது போதிய சான்று.

நான்காமவர் கீழ வீதியில் பூ விற்கும் ஓர் அம்மாள். ஒலிம்பிக் என்ற சொல்லை நான் விளக்கிச் சொல்லவேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, “அப்படியென்றால் தேர்த் திருவிழா மாதிரி” என்றார். அவ்வுவமை எனக்கு முதலில் வேடிக்கையாகத் தோன்றியது; பிறகு அதைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. ஆனியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை, ஆண்டுக்கு இருமுறை சிதம்பரம் பல்லாயிரவருக்கு விருந்திடுகிறது. ஐந்து தேர்கள் நான்கு வீதிகளையும் சுற்றுகின்றன. கூத்தபிரானே கருவறை விட்டு வெளியே வருகிறார். தேரோட்டத்தின் இடையே, அம்மனைத் தங்கள் குலத்து மகளாகக் கொண்டாடும் பருவதராச குலத்தார் தாய்வீட்டுச் சீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வடம் பிடிப்பவர், சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர், வீதியைக் கூட்டுபவர் எல்லோருக்கும் தம் பங்கு இன்னதென்று தெரியும். அம்மாள் சொன்னது இதுதான்: “வீதியிலே இருக்கிறவனுக்குப் பங்கு இருந்தால் தேர் ஓடும். இல்லாவிட்டால் நாங்கள் கடையை எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டியதுதான்.” மேல்நாடுகளில் பெரும் நூல்கள் எழுதி இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

அந்நாடுகளின் அனுபவத்தையும் சற்றே பார்க்கலாம். கனடாவின் மாண்ட்ரீல் நகரம் 1976-இல் ஒலிம்பிக்கை நடத்திற்று. அதற்காகப் பட்ட கடன் 2006-இல்தான் தீர்ந்தது. அமெரிக்காவின் டென்வர் நகருக்கு 1976-ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் கொடுக்கப்பட்டிருந்தது. 1972-இல் கொலராடோ மக்கள் வாக்களித்து, எங்கள் பணம் இதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவ்வூரின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026-ஆம் ஆண்டின் காமன்வெல்த் போட்டிகளை ஏற்றுக்கொண்டு, செலவு எதிர்பார்த்ததைப் போல் இருமடங்குக்கும் மேலாகும் என்று கண்டு, 2023 சூலையில் கைகழுவியது; இழப்பீடும் கட்டிற்று. மறுபுறம், செர்மனியின் மியூனிக் நகரத்தார் 2025 அக்டோபரில் வாக்களித்து, மூன்றில் இரண்டு பங்கினர் ஒலிம்பிக் வேண்டும் என்றனர். கேட்டால் மக்கள் எப்போதும் மறுத்துவிடுவார்கள் என்று அஞ்சுவோர் இதைக் கவனிக்கவேண்டும். டென்வரில் மறுத்ததும் மியூனிக்கில் இசைந்ததும் அவ்வூர் மக்களே. நம்மிடையே மட்டும் கருத்து என்பது கடிதம் போன பிறகு கேட்கப்படுவதாக இருக்கிறது. அந்நிலையில் ஆதரிப்பவர் துதி பாடுபவராகவும், ஐயுறுபவர் நாட்டுப்பற்று இல்லாதவராகவும் ஆகிவிடுகிறார்கள். நான் சந்தித்த நால்வரில் எவரும் இவ்விரண்டு வகையைச் சேர்ந்தவரல்லர்.

2036-க்குரிய நகரத்தை அனைத்துலகக் குழு, நான் இதனை எழுதும்போது, தேர்ந்தெடுத்துவிடவில்லை. ஆகையால் கேட்பதற்குக் காலம் இருக்கிறது. மியூனிக் நகரத்தாருக்கு வந்ததுபோல் உங்களுக்கும் ஒரு வாக்குச் சீட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று, விடைபெறும்போது ஒவ்வொருவரையும் கேட்டேன். செலவில் எவ்வளவு எந்த மாநிலத்துக்கு என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுவேன் என்றார் மாணவர். கணக்கைக் கொண்டுவரட்டும், சீட்டைப் பிறகு பார்ப்போம் என்றார் மீனவர். எனக்கும் வருமா என்று கேட்டுச் சிரித்தார் பூக்கார அம்மாள். உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் தயங்காமல், ‘ஆம்’ என்று போடுவேன் என்றார். பிறகு, பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் போக மிஞ்சிய நாட்களில் மட்டும் பிள்ளைகள் விளையாட விடப்படும் மைதானங்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். “அந்தச் சீட்டில் அதையும் இரண்டு வரி எழுத இடம் விட்டிருப்பார்களா ஐயா?” என்று கேட்டார்.